முதல் கத்தி: ராம்போவை நம்பலாமா, செருப்புத் தைத்தவரை நம்பலாமா?

போன எபிசோடில் டென்ட் பற்றிப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "முதல் தடவை கேம்பிங் போறேன், எந்தக் கத்தி வாங்கலாம்? மடங்காத கத்தியா, மடக்குக் கத்தியா?" நேரடியா ரெண்டு பேர் சொல்லிட்டு முடிச்சிருக்கலாம். ஆனா இந்தக் கேள்விக்கு கிட்டத்தட்ட 140 வருஷ வரலாறு இருக்கு. அதைக் கேட்டுட்டு வாங்கினா, நான் வீணாக்கின காசை நீங்க வீணாக்க மாட்டீங்க.

முதல்ல என் கதை. இருபது வயசுல ஆன்லைன்ல ஒரு கத்தி வாங்கினேன். பன்னிரண்டு அங்குல நீளம். முதுகுல ரம்பப் பல். பிடியோட மூடியைத் திருகினா உள்ளே காலி இடம், அதுல தீப்பெட்டி, தூண்டில் நரம்பு, மூடியில ஒரு திசைகாட்டி. கொல்லிமலை அடிவாரத்துல ஒரு தோட்டத்துல தங்கினோம். ராத்திரி சமையலுக்கு வெங்காயம் வெட்ட அதை எடுத்தேன். வெங்காயம் நசுங்கிச்சு. சரி, விறகாவது பிளக்கலாம்னு ரெண்டு தட்டு தட்டினா, பிடி லொடலொடன்னு ஆட ஆரம்பிச்சிருச்சு. தோட்டத்து அக்கா பார்த்துட்டு, "தம்பி, அதை வெச்சுட்டு இதைப் பிடி"ன்னு தேய்ஞ்சு போன ஒரு சின்னக் காய்கறிக் கத்தியைக் கொடுத்தாங்க. அன்னைக்கு மொத்தச் சமையலும் அதுலதான் நடந்தது.

அந்த அக்கா சொன்னதையே 1884-ல் ஒருத்தர் புத்தகமா எழுதியிருக்கார்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வெல்ஸ்பரோ என்ற ஊர்க்காரர். தொழில், செருப்புத் தைப்பது. சின்ன வயதில் தனக்குக் காட்டைப் பழக்கிய ஒரு பூர்வகுடி மனிதரின் பெயரான 'நெஸ்மக்' என்பதையே புனைபெயராக வைத்துக்கொண்டு பத்திரிகையில் எழுதினார். 50 கிலோ எடைகூட இல்லாத, நுரையீரல் பலவீனமான மனிதர். அதனால் அவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. 1883-ல், தன் 61-வது வயதில், ஐந்து கிலோவுக்கும் குறைவான எடையுள்ள ஒரு குட்டிப் படகில் ஆடிரோண்டாக் மலை ஏரிகள் வழியாக 266 மைல் சுற்றி வந்தார். அடுத்த வருடம் 'வுட்கிராஃப்ட்' என்ற புத்தகம் வந்தது.

அதுல கத்தியைப் பற்றி அவர் பேசும் பகுதி சின்னதுதான், ஆனா செம காரம். கடைகளில் 'வேட்டைக் கத்தி'ன்னு விற்பதெல்லாம் தடியா, நடுவுல முகடு வெச்சு, பார்க்கப் பயங்கரமா இருக்கும். மலிவு நாவலுக்கும் 'பில்லி த கிட்' இடுப்புப் பட்டைக்கும்தான் லாயக்கு என்கிறார். அவர் கையில் இருந்தது மூன்றே சாமான். இரண்டு பக்கமும் வாய் உள்ள ஒரு கைக்கோடாலி, மெல்லிய அலகு உள்ள மடங்காத கத்தி ஒன்று, சட்டைப்பைக்கு ஒரு மடக்குக் கத்தி. மரத்தைக் கோடாலி பார்த்துக்கும். இறைச்சி, ரொட்டி, மீனெல்லாம் மெல்லிய கத்தி. நுணுக்கமா செதுக்க மடக்குக் கத்தி. ஒரே கத்தி எல்லாத்தையும் செய்யணும்னு அவர் கேட்கவே இல்லை. இன்னைக்கு நாம செய்யற முதல் தப்பு அதுதான்.

அவர் யாரைத் திட்டினார்னு தெரியணும்னா 'போவி கத்தி' தெரியணும். ஜிம் போவி என்பவர் 1827-ல் மிசிசிப்பி ஆற்றுத் திட்டு ஒன்றில் நடந்த கைகலப்பில் பெரிய கத்தி ஒன்றால் சண்டையிட்டார். பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. 1836-ல் அலமோ கோட்டையில் அவர் இறந்தபிறகு அந்தக் கத்தி ஒரு புராணமாகவே ஆயிற்று. அதில் பெரிய காசு பார்த்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்து கப்பல் கப்பலாகப் 'போவி கத்தி' அமெரிக்காவுக்குப் போனது. அதாவது, காட்டுக்காரன் கேட்டு அந்தக் கத்தி வரலை. கதை கேட்டவன் கேட்டு வந்தது.

1906-ல் ஹொரேஸ் கெப்ஹார்ட் என்ற முன்னாள் நூலகர் கேம்பிங் பற்றி எழுதிய புத்தகத்திலும் இதே சண்டைதான். செயின்ட் லூயிஸ் நூலக வேலை போன பிறகு 1904-ல் ஸ்மோக்கி மலைகளுக்குக் குடிபோனவர் அவர். தானே ஒரு கத்தியை வடிவமைத்தார். பார்க்கச் சமையலறைக் கத்தி மாதிரியே இருக்கும், அலங்காரம் ஒண்ணும் கிடையாது.

சரி, இவங்க அமெரிக்காவுல கத்திட்டு இருந்த அதே சமயம், ஐரோப்பாவுல ரெண்டு ஓரக் கிராமங்களில் யாருடனும் சண்டை போடாமலேயே ரெண்டு கத்தி பிறந்தது. ஒன்று மடக்குவது, ஒன்று மடங்காதது. இடைவெளி ஒரே வருஷம்.

1890. பிரான்சின் சாவோய் பகுதி, ஆல்ப்ஸ் மலை. ஜோசஃப் ஒப்பினெலுக்கு அப்போது 18 வயது. அப்பா, தாத்தா எல்லாம் கோடாலி, அரிவாள் அடிக்கும் பட்டறைக்காரர்கள். ஜோசஃப் அந்தப் பட்டறையில் நண்பர்களுக்காக ஒரு மடக்குக் கத்தி செய்தார். ஒரு மரப்பிடி, அதில் ஒரு பிளவு, ஒரு அலகு, ஒரு ஆணி, சுற்றிலும் ஒரு இரும்பு வளையம். ஸ்பிரிங்கூடக் கிடையாது. மலை விவசாயி ரொட்டி நறுக்க, குச்சி சீவ, கயிறு அறுக்க இது போதும். 1897-ல் 1 முதல் 12 வரை எண் போட்டு பன்னிரண்டு அளவுகளில் வந்தது. எண் 1-ன் அலகு 2 சென்டிமீட்டர், எண் 12-ன் அலகு 12 சென்டிமீட்டர். 1909-ல் கிரீடம் வைத்த கை முத்திரை. கை, பக்கத்து ஊர் செயின்ட் ஜான் த மொரியென்னின் சின்னத்திலிருந்து. கிரீடம், பழைய சாவோய் அரசை நினைவுபடுத்த.

1891. ஸ்வீடனின் டலார்னா பகுதி, மோரா ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஓஸ்ட்நோர் கிராமம். அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். கத்திக்காக இல்லை! பனியில் மரம் இழுக்கும் சறுக்குவண்டி செய்யத்தான். கத்தி கூடவே வந்த சரக்கு. கடைசியில் வண்டி போச்சு, கத்தி நின்னுது. 1912-ல் அதே ஊரில் இன்னொருவர் போட்டிக்குக் கத்தித் தொழிற்சாலை ஆரம்பித்தார். இரண்டும் 2005-ல் ஒன்றாகச் சேர்ந்தன. இன்னைக்கு நீங்க 'மோரா கத்தி'ன்னு கேள்விப்படுவது இதுதான்.

இந்த மோரா கத்தியில் ஒரு அருமையான பட்டறைப் புத்தி இருக்கு. நல்ல எஃகு விலை அதிகம், ரொம்ப இறுகினா உடையும். மெத்தென்ற இரும்பு மலிவு, ஆனா கூர் நிற்காது. அதனால் நடுவுல கடினமான எஃகுத் தகடு, ரெண்டு பக்கமும் மெத்தென்ற இரும்பு, சாண்ட்விச் மாதிரி. வெட்டும் வாய்க்கு மட்டும் எஃகு, வளைவைத் தாங்க இரும்பு. இந்த அடுக்கு அலகு இன்னும் சில மாடல்களில் வருது. இன்னொன்று, வாயைச் சீவிய விதம். அலகின் ரெண்டு பக்கமும் ஒரே ஒரு அகலமான சரிவு. அந்தச் சரிவைச் சாணைக்கல்லில் அப்படியே படிய வெச்சுத் தேய்ச்சா போதும்; கோணம் கல்லே சொல்லிக் கொடுக்கும். முதல் கத்திக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

வாத்தியார்னு சும்மா சொல்லலை. அந்தக் காலத்து ஸ்வீடன் பள்ளிகளில் 'ஸ்லோய்ட்' என்ற கைவேலைப் பாடம் பரவிக்கொண்டிருந்தது. ஓட்டோ சாலமன் என்பவர் 1870-களில் நேஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்கே இதில் பயிற்சி கொடுத்தார். அதில் பிள்ளைகள் கைக்கு முதலில் வரும் கருவி கத்திதான். ஒரு தலைமுறைக்கே 'முதல் கத்தி' என்பது ஸ்கூல் பாடம்.

ரொம்பப் புகழ்ந்துட்டேன், குறையும் சொல்லணும். ஒப்பினெல் கத்திக்குப் பூட்டு கிடையாது. முனையை மரத்தில் குத்தித் திருகும்போது அலகு சட்டென்று மடங்கி விரல் மேல் விழும். என் வலது ஆள்காட்டி விரலில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கு. அது ஒப்பினெல் இல்லை, பெயர் தெரியாத ஏதோ ஒண்ணு, ஆனா நடந்தது இதேதான். மூணு தையல். பாதி அலகு பிடிக்குள்ளேயே விரலைத் தேடுற மாதிரி இருந்தது. ஜோசஃபின் மகன் மார்செல் 1955-ல் இதற்குத் தீர்வு கண்டார். பழைய வளையத்தின் மேல் இன்னொரு வளையம், அதில் ஒரு வெட்டு. திறந்ததும் திருகினால் அலகு மடங்காது. 'வைரோபிளாக்' என்று பெயர். அறுபத்தைந்து வருஷம் விற்ற ஒரு கத்தி, ஒரு சின்ன வளையத்தால முழுசாச்சு. 2000-ல் மூடிய நிலையிலும் பூட்டும்படி மாற்றினார்கள். பையில திறந்துக்காது.

இப்படி எல்லாம் நல்லாப் போயிட்டு இருக்கும்போது 1982-ல் 'ஃபர்ஸ்ட் பிளட்' வந்தது. ராம்போ! அந்தக் கத்தியைச் செய்தவர் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஜிம்மி லைல், நிஜமாகவே திறமையான கத்திக்காரர். முதுகில் ரம்பப் பல், குழாய்ப் பிடி, மூடியில் திசைகாட்டி. அவர் செய்தது உறுதியானது. அதன் நகல்கள்தான் உலகத்தை நிறைத்தன. கோளாறு எங்கேன்னா, அலகின் வால் பகுதி பிடிக்குள்ளே நீளமா இறங்கணும். பிடியே காலிக் குழாய்னா வால் எங்கே இறங்கும்? வாசல்லயே நின்னுடும். என் பன்னிரண்டு அங்குலம் லொடலொடத்தது அதனாலதான். நெஸ்மக் சொன்ன மலிவு நாவல், சரியா 98 வருஷம் கழிச்சு சினிமாவா வந்து என்கிட்ட காசு வாங்கிட்டுப் போச்சு.

இப்ப உங்க கேள்வி. மடங்காத கத்தின்னா அலகு ஒரு சாண்கூட வேண்டாம், நாலு அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் சுற்றி. தடிமன் 2-லிருந்து 3 மில்லிமீட்டர். முதுகில் பல் வேண்டாம். பிடி உள்ளங்கையை நிறைக்கணும், உறையைத் தலைகீழாக் குலுக்கினாலும் விழக் கூடாது. விறகு பிளக்கணும்னா அதுக்கு அரிவாள் இருக்கு, கைக்கோடாலி இருக்கு. கத்தியைச் சுத்தியலால் அடிக்காதீங்க. மடக்குக் கத்தின்னா பூட்டு இல்லாததைத் தொடாதீங்க, அது மட்டும் கண்டிப்பு. ஒப்பினெல் எண் 8 போதும், அலகு எட்டரை சென்டிமீட்டர். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காத்து ஊர்னா முதல் கத்தி ஸ்டெயின்லெஸ் வாங்குங்க. கார்பன் ஸ்டீல் நல்லாக் கூர் ஏறும், ஆனா துடைச்சு எண்ணெய் போடற பொறுமை வேணும். ரெண்டில் ஒண்ணுதான் வாங்க முடியும்னா? நான் மடங்காததைத்தான் சொல்வேன். நகரும் பாகம் இல்லாத பொருள் புதுசா கத்துக்கறவரை ஏமாத்தாது. மிச்சக் காசுக்கு ஒரு சாணைக்கல்.

ஒரு விஷயத்தை வேகமா கடக்க முடியாது, சட்டம். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதப் பட்டியலில் வருது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்ததற்கு விலக்கு உண்டு. அதனால சின்னக் கத்தின்னா எங்கேயும் கொண்டுபோகலாம்னு நினைச்சிடாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்குள் கத்தியும் அடக்கம். எழுத்து மூல அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள் ஆயுதத்தோட நுழையக் கூடாது. அங்கே அளவு கணக்கில்லை. முதுமலைக்கோ களக்காட்டுக்கோ போறீங்கன்னா கத்தி வீட்டுல இருக்கட்டும். விமானத்துல கைப்பையில வேண்டாம். ஸ்வீடன்லயே பொது இடத்துல காரணமில்லாமக் கத்தி வெச்சிருக்கத் தடைச் சட்டம் வந்தது, பள்ளிக்கூடத்துல கத்தி கொடுத்த அதே நாட்டுல.

அப்போ எங்கேதான் பழகறது? தனியார் தோட்டம், சொந்த ஊர்க் கொல்லை, வீட்டுச் சமையலறை. ஒரு மாசம் காய்கறியை அதுலயே வெட்டுங்க, குச்சியைச் சீவி ஒரு கரண்டி செய்யுங்க.

என் ஒப்பினெல் இப்ப கொய்யாப்பழ வேலையில இருக்கு. கார்த்திகை மழையில மரப்பிடி ஈரத்தை இழுத்து உப்பிடும், அலகு வெளியே வர அடம் பிடிக்கும். நகத்தை உடைச்சுக்காதீங்க. சாவோய்க்காரங்க செய்யற மாதிரி, வளையத்தைத் திறந்துட்டு, பிடியோட அடிப்பக்கத்தைக் கட்டையில ஒரு தட்டு தட்டுங்க. அலகு தலையை நீட்டும். நான் பால்கனிச் சுவர்ல தட்டுறேன். பக்கத்து வீட்டு மாமா இன்னும் யாரோ கதவைத் தட்டுறாங்கன்னுதான் நினைச்சுட்டு இருக்கார்.