ஸ்கா தாளம் குறைந்த ஸ்கா தொகுப்பு: ‘தி ஸ்பெஷல்ஸ்’ கடைசியாகப் பாடிய பிறர் பாடல்கள்

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் உருவான ‘தி ஸ்பெஷல்ஸ்’ இசைக்குழு 2021 அக்டோபர் 1ஆம் தேதி ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதில் 12 பாடல்கள். ஒன்றுகூட அவர்கள் எழுதியதல்ல. ‘புரொட்டஸ்ட் சாங்ஸ் 1924–2012’, அதாவது ‘எதிர்ப்புப் பாடல்கள்’ என்பது அதன் பெயர்.

ஸ்கா இசையை பிரிட்டனில் இளையர்களிடம் கொண்டுசேர்த்த குழு என்று பெயர் பெற்றவர்கள் இவர்கள். ஆனால், அந்தத் தொகுப்பில் ஸ்கா தாளத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நாட்டுப்புறப் பாடல், புளூஸ், தேவாலயப் பாடல், ராக் என்று எங்கெங்கோ போகிறது. ஆடுவதற்காக வாங்கிய ரசிகர்கள் சற்றுத் திகைத்திருப்பார்கள். ஆனாலும் பிரிட்டனின் தொகுப்புப் பட்டியலில் அது 2ஆம் இடம் வரை சென்றது.

ஸ்கா 1950களின் இறுதியில் ஜமைக்காவில் பிறந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாளம் எண்ணினால், எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கித்தார் ‘சக், சக்’ என்று வெட்டி விழும். மேலே டிரம்பெட், டிராம்போன் போன்ற ஊதுகருவிகள். 1960களின் பிற்பாதியில் அந்த வேகம் தணிந்து ‘ராக்ஸ்டெடி’ ஆனது. அதிலிருந்து ரெக்கே வந்தது. ஜமைக்காவிலிருந்து வேலை தேடி இங்கிலாந்து சென்ற குடும்பங்களோடு இந்த இசைத்தட்டுகளும் கப்பலேறின.

கோவென்ட்ரி ஒரு கார்த் தொழிற்சாலை நகரம். தொழிற்சாலைகள் நலிந்து, வேலையில்லாத் திண்டாட்டமும் இனவெறுப்பும் ஒன்றாக வளர்ந்த 1977ல் அங்கு இந்தக் குழு உருவானது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்றனர். கீபோர்ட் வாசித்த ஜெர்ரி டேமர்ஸ் 1979ல் ‘டூ டோன்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் அடையாளம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்.

பிறர் பாடலைப் பாடுவது இவர்களுக்கு முதுமையில் வந்த பழக்கம் அன்று. இன்றும் எல்லாரும் முணுமுணுக்கும் ‘எ மெசேஜ் டு யூ ரூடி’, ஜமைக்காவில் பிறந்த டேண்டி லிவிங்ஸ்டன் 1967ல் வெளியிட்ட பாட்டு. அந்த மூலப் பாட்டில் டிராம்போன் வாசித்த ரிக்கோ ரொட்ரிகெஸ்ஸையே 1979ல் தேடி அழைத்து, தங்கள் பதிவிலும் வாசிக்க வைத்தார்கள். முதல் தொகுப்பில் டூட்ஸ் ஹிப்பர்ட்டின் பாடலும் பிரின்ஸ் பஸ்டரின் பாடலும் உண்டு. ஆகவே, 2021ல் அவர்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. வேறு கடையில் சரக்கு வாங்கினார்கள், அவ்வளவுதான்.

அந்த 42 ஆண்டுகளுக்கு இடையே நிறைய உடைந்தது. 1981ல் கோவென்ட்ரியில் ஆசிய மாணவர் ஒருவர் இனவெறிக் கும்பலால் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஜூனில் இனவெறிக்கு எதிராக அந்நகரத் திடலில் குழு இசை நிகழ்ச்சி நடத்தியது. அதே மாதம் வெளிவந்த ‘கோஸ்ட் டவுன்’, பிரிட்டிஷ் நகரங்களில் கலவரம் வெடித்த நாள்களில் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்த பாடலின் பெயர் ‘வொய்?’. கித்தார் கலைஞர் லின்வால் கோல்டிங், 1980ல் லண்டனில் இனவெறியர்களிடம் அடிபட்ட பிறகு எழுதியது அது. 1982ல் கோவென்ட்ரியிலேயே அவர் கத்தியால் குத்தப்பட்டு உயிர்தப்பினார். அதற்கு முன்பே, ‘கோஸ்ட் டவுன்’ வெற்றி பெற்ற சூட்டோடு, முதன்மைப் பாடகர் டெரி ஹாலும் கோல்டிங்கும் நெவில் ஸ்டேப்பிளும் விலகித் தனிக்குழு தொடங்கியிருந்தனர்.

2009ல் மீண்டும் மேடையேறியபோது டேமர்ஸ் அவர்களுடன் இல்லை. பின்னர் ஸ்டேப்பிளும் ரோடி பயர்ஸும் விலகினர். டிரம்ஸ் கலைஞர் ஜான் பிராட்பரி 2015ல் காலமானார். அதே ஆண்டில் ரிக்கோவும் மறைந்தார். எஞ்சியவர்கள் ஹால், கோல்டிங், பேஸ் கித்தார் வாசிக்கும் ஹொரஸ் பேன்டர் ஆகிய மூவர். இவர்கள் 2019ல் வெளியிட்ட ‘என்கோர்’ தொகுப்பு, குழுவின் வரலாற்றிலேயே முதல் முறையாகத் தொகுப்புப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது.

அதற்கடுத்து ரெக்கே தொகுப்பு ஒன்றைப் பதிவுசெய்வதாகத் திட்டம். கொவிட்-19 கிருமிப்பரவல் அதைத் தடுத்தது. 2020ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலிஸ் பிடியில் மாண்டதைத் தொடர்ந்து உலகெங்கும் போராட்டங்கள் மூண்டன. அந்தச் சூழலில் மூவரின் எண்ணமும் எதிர்ப்புப் பாடல்கள் பக்கம் திரும்பியது.

தேர்வில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்கப் புளூஸ் கலைஞர் பிக் பில் புரூன்சியின் ‘பிளேக், பிரவுன் அண்ட் ஒயிட்’ பாடலை கோல்டிங் பாடுகிறார். தோல் நிறத்தைப் பார்த்து வேலையும் கூலியும் தருவதைக் கேள்வி கேட்கும் பாடல் அது. ஜமைக்காவில் பிறந்து, சிறுவயதில் இங்கிலாந்து வந்து, அதே நிறத்துக்காகக் குத்துப்பட்ட ஒருவர் தமது 70 வயதில் அதைப் பாடும்போது, இரவல் பாட்டு என்ற எண்ணமே வருவதில்லை.

‘ஃபிரீடம் ஹைவே’, 1965ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்த வாக்குரிமைப் பேரணியையொட்டி ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குழுவுக்காக எழுதப்பட்டது. ‘டிரபிள் எவ்ரி டே’ பாடலை ஃபிராங்க் ஸாப்பா அதே ஆண்டின் வாட்ஸ் கலவரத்தைப் பற்றி எழுதினார். லெனர்ட் கோஹனின் ‘எவ்ரிபடி நோஸ்’ பாடலை ஹால், உணர்ச்சி காட்டாத தமது வழக்கமான குரலில் பாடுகிறார். சலிப்பையே கோபமாக மாற்றத் தெரிந்த குரல் அது. ‘டாக்கிங் ஹெட்ஸ்’ குழுவின் ‘லிசனிங் விண்ட்’ பாடலைப் பாடியிருப்பவர் ஹன்னா ஹு. தொகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கத் தூண்டுவது அதுதான். சிப் டெய்லர் 2012ல் வெளியிட்ட பாடலும் உண்டு. அதன் தலைப்பை நாளிதழ் பக்கத்தில் அச்சிட முடியாது.

எல்லாமே பொருந்தின என்று சொல்ல முடியாது. சில பாடல்கள் மூலத்தின் நிழலைத் தாண்டவில்லை. ஆயினும், இங்கு தேவாலயப் பாடல் ஒன்று கவனிக்கத்தக்கது. தலைப்பிலுள்ள 1924 என்ற ஆண்டு ‘எய்ன்ட் கொன்னா லெட் நோபடி டர்ன் அஸ் அரவுண்ட்’ பாடலைச் சேர்ந்தது. 1960களில் கறுப்பின உரிமைப் போராளிகள் அதன் சொற்களை மாற்றி, தங்கள் ஊரில் தங்களை மறித்தவர்களின் பெயர்களைச் சேர்த்துப் பாடினர். இத்தகைய பாடல்களுக்கு ஒரே உரிமையாளர் என்று யாரும் இருந்ததில்லை.

கடைசிப் பாடல் ‘கெட் அப், ஸ்டாண்ட் அப்’. பாப் மார்லியும் பீட்டர் டோஷும் சேர்ந்து எழுதியது. டூ டோன் இசைத்தட்டுகளில் கறுப்பு சூட்டும் தொப்பியும் அணிந்து நிற்கும் ஒரு சித்திர மனிதரைப் பார்த்திருக்கலாம். அந்த உருவம், வெய்லர்ஸ் குழுவின் பழைய தொகுப்பு அட்டையில் இருந்த பீட்டர் டோஷின் படத்தைப் பார்த்து வரையப்பட்டது.

தள்ளிப்போன ரெக்கே தொகுப்பை 2022 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் பதிவுசெய்ய ஏற்பாடாகியிருந்தது. அதற்குள் ஹாலுக்குக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் தேதி, தமது 63வது வயதில் அவர் காலமானார். ரெக்கே தொகுப்பு பதிவாகவே இல்லை.