தலையில் சூடிய குளிர்

இத்தாலியின் தென்கிழக்கில், அபூலியா நிலப்பகுதியில், காஸ்டெல் டெல் மான்டே என்னும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டை நிற்கிறது. எண்கோண வடிவில் எழுந்த அதன் மதில்களைக் காணப் பயணிகள் செல்வதுண்டு. மருத்துவ வரலாற்றிலும் அக்கோட்டைக்கு ஓர் இடமுண்டு. அதனருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்தே செந்நிறப் புற்றுநோய் மருந்துகள் சில பிறந்தன. அவற்றுள் ஒன்றான டாக்ஸோரூபிசின், ஏட்ரியாட்டிக் கடலின் பெயரைத் தாங்கி அட்ரியாமைசின் என விற்பனைக்கு வந்தது. 1974இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அம்மருந்து பெருந்துணையாயிற்று. ஆயினும் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் அதற்குப் புற்றும் மயிர்க்காலும் ஒன்றே. சில வாரங்களிலேயே முடி கொத்துக் கொத்தாக உதிரும். 'உயிர் பிழைத்தால் போதாதா, முடி பிறகு வளராதா?' என்று சுற்றத்தார் தேற்றுவர். அதில் உண்மையும் உண்டு. ஆனால் யாரிடமும் சொல்ல விரும்பாத நோயை ஊரறியச் செய்வது அந்த முடியிழந்த தலைதான் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

1979இல் அரிசோனாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் எளியதொரு வழியை வெளியிட்டனர். நொறுக்கிய பனிக்கட்டியைப் பைகளில் இட்டு, மருந்து ஏறும் வேளையில் நோயாளியின் தலையில் கட்டினர். குளிரில் தலைத்தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கும். மயிர்க்காலை அடையும் மருந்து குறையும். அங்குள்ள செல்களின் இயக்கமும் மந்தமாகும். பலருக்கு முடி நிலைத்தது.

எனினும் ஐயம் எழுந்தது. மருந்து எட்டாத தலைத்தோலில் புற்றுச் செல்கள் ஒளிந்து பிழைத்துவிட்டால்? பயனுக்கும் பாதுகாப்புக்கும் போதிய சான்றில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1990இல் குளிர்த்தொப்பி விற்பனையைத் தடுத்தது. எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் சான்று தேடும் முயற்சி ஆமை வேகத்தில் நடந்தது. முடியிழப்பைச் சிறு துயரமாகக் கருதியதும் அதற்கொரு காரணம் எனலாம்.

அடுத்த திருப்பம் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் நேர்ந்தது. பாக்ஸ்மன் குடும்பத்தாரின் தொழில் பீரைக் குளிர்விக்கும் கருவிகள் செய்வது. க்ளென் பாக்ஸ்மனின் மனைவி சூ மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது, அன்றைய குளிர்த்தொப்பியை அணிந்தும் முடியை இழந்தார். உறைந்த தொப்பி விரைவில் சூடேறிவிடும் என்பதே அதன் குறை. குளிர்திரவத்தை இடைவிடாது சுற்றவிடும் கலை க்ளென்னுக்குக் கைவந்ததல்லவா? அதையே தலைக்கவசமாக்கினார். 1997இல் முதல் கருவி அவ்வூர் மருத்துவமனையில் அமைந்தது. சூ 2000இல் மறைந்தார்.

அமெரிக்கா முதன்முதலாக 2015இல் அனுமதித்தது சுவீடன் நாட்டுக் கருவியொன்றை. பாக்ஸ்மன் கருவி குறித்த அமெரிக்க ஆய்வு 2017இல் வெளியானது. நான்கு தவணைகளுக்குப் பின், குளிர்வித்த 95 பெண்களில் 48 பேர் பாதிக்கு மேற்பட்ட முடியைக் காத்துக்கொண்டனர்; குளிர்விக்காத 47 பேரில் ஒருவர்கூட இல்லை. தலைத்தோலில் புற்று பரவுவது அதிகரித்ததாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டவில்லை. இரத்தப் புற்றுநோய்க்கு இம்முறை பொருந்தாது.

இன்றும் இருவரில் ஒருவருக்கே ஏறத்தாழ இது கைகொடுக்கிறது. தலைவலியும் நடுக்கமும் உண்டு. மருத்துவமனையில் கூடுதல் நேரம் காத்திருக்கவும் வேண்டும். அத்தனையும் அறிந்தே பெண்கள் அக்கவசத்தைக் கேட்டு அணிகிறார்கள். முடியிழப்பு சிறு துயரந்தானா என்பதற்கு அவர்களிடமே விடை இருக்கிறது.