திருத்திப் பழகிய ஊர் ஹட்டன்



நம் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் பழைய கம்ப்யூட்டர்களைக் கழிக்கப்போவதாகப் பேச்சு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அந்தப் பழைய புரொசசர்களை ஏற்காது. கழிக்கும் முன் நம் ஊர்க் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

இன்று கொழும்பில் பெரிய கம்பனியாக இருக்கும் பிரவுண்ஸ், 1875இல் நம் ஹட்டனில் ஒரு பொறியியல் பட்டறையாகத்தான் தொடங்கியது. அப்போது இங்கே ரயில்கூட இல்லை. அது வந்தது 1884இல். தோட்டத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் புதியது பிரித்தானியாவிலிருந்து கப்பலில் வந்து, நாவலப்பிட்டி வரை ரயிலில் வந்து, மிச்சத் தூரம் மாட்டு வண்டியில் மலையேற வேண்டும். பறித்த கொழுந்து அதுவரை காத்திருக்குமா? அதனால் உடைந்ததை இங்கேயே திருத்தினார்கள். அதற்கு முன்பே, 1872இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் கொழுந்து உருட்டும் மெசினைத் தானே செய்துகொண்டார். துரைமார் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. ஸ்பேனர் பிடித்த தொழிலாளியின் பெயரை நான் வாசித்தவற்றில் காணவில்லை.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. தோட்டங்களில் மாவுக்கே தட்டுப்பாடான காலம் அது. புது ரேடியோவுக்கு எங்கே போவது? இருந்ததையே ஈயம் வைத்து ஒட்டி ஓட்டினார்கள்.

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2000களின் தொடக்கத்தில் வந்த மதர்போர்டுகள் பலவற்றில் கெபாசிட்டர்களின் தலை உப்பி வெடித்தன. உள்ளே இருந்த திரவம் தரமற்றது. டெல் கம்பனி 2005இல் இதற்காக 30 கோடி டொலர் ஒதுக்க வேண்டி வந்தது. உப்பியதைக் கழற்றி, அதே அளவுள்ள நல்லதை, பிளஸ் மைனஸ் மாறாமல் சோல்டர் பண்ணினால் எத்தனையோ போர்டுகள் மீண்டும் உயிர்பெறும்.

நம் குளிரிலும் பனிமூட்டத்திலும் அதைவிடச் சாதாரணமான கோளாறுதான் அதிகம். ரெம் கார்டின் தொடுமுனையில் ஈரம் படிந்து, மெசின் பீப் பீப் என்று கத்தும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிள்ளைகள் பாவிக்கும் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பொருத்துங்கள். நேரம் தப்பாகக் காட்டினால் போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பற்றரியை மாற்றினால் சரி. பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

விண்டோஸ்தான் தடையென்றால் லினக்ஸ் இருக்கிறது. இலவசம், தமிழிலும் எழுதலாம். 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. அன்று கடையில் கேட்ட விலை பெற்றோருக்கு இன்னும் மறந்திருக்காது. இந்தக் கம்ப்யூட்டர்களும் போனால், லயத்துப் பிள்ளைக்குக் கீபோர்டைத் தொட வேறு இடம் ஏது?

அதிபரிடம் பேசிவிட்டேன், ஒரு தவணை அவகாசம் தந்திருக்கிறார். வீட்டு அலுமாரியில் சும்மா கிடக்கும் டிடிஆர் 3 ரெம், பழைய ஹார்ட் டிஸ்க் ஏதும் இருந்தால் தாருங்கள். சோல்டரிங் அயன் பிடிக்கத் தெரிந்த தம்பிமார் இன்பொக்ஸ் வாருங்கள்.