ஏழை சொல் அம்பலம் ஏறிய வரலாறு



"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கோர்ட் விஷயத்தில் வெகுகாலம் அது உண்மையாகவே இருந்தது. வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாத பெண்ணுக்கும் கோர்ட் படியேற வழி பிறந்தது எப்படி என்பதை இன்று எழுதுகிறேன். அமிர்தியிலும் அதற்கு மேலே ஜவ்வாது மலை ஊர்களிலும் இருக்கிற நம் பெண்பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

நொடித்துப் போனவனைப் பார்த்து "பாப்பர் ஆயிட்டான்" என்று சொல்வோம். அது கோர்ட்டிலும் புழங்கிய சொல். 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தில் 'பாப்பர் வழக்கு' என்று ஒன்று உண்டு. கோர்ட் கட்டணம் கட்ட வசதியில்லாதவர் தன் ஏழ்மையை விசாரணையில் நிரூபித்தால், கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம். சலுகை கட்டணத்துக்குத்தான். வக்கீலை அவரே தேடிக்கொள்ள வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 'பாப்பர்' என்ற சொல் எடுக்கப்பட்டு 'வறியவர்' என்று மாறியது. அவருக்கு வக்கீல் இல்லையென்றால் கோர்ட்டே ஒருவரை அமர்த்தலாம் என்ற விதியும் அப்போதுதான் சேர்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் ஏழைகளுக்குத் துணை நின்றது இரக்க குணம் உள்ள வக்கீல்கள். பம்பாயில் 1924லேயே இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அவர் மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தருமமாகக் கிடைப்பதைக் கேட்டு வாங்க முடியாது அல்லவா?

அதை உரிமையாக மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுப் பக்கம் பிறந்து, சென்னையில் சட்டம் படித்து, தலச்சேரியில் வக்கீல் தொழில் செய்தவர். 1957ல் கேரளத்தின் சட்ட அமைச்சர். ஏழைகளுக்குச் சட்ட உதவி எப்படிக் கொடுப்பது என்று ஆராய மத்திய அரசு 1972ல் அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். 1973ல் அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆனார். 1976ல் அரசியல் சட்டத்தின் 42வது திருத்தம் 39ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பணமில்லை என்ற காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, இலவச சட்ட உதவிக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 1979ல் ஹுசைனாரா கதூன் வழக்கில், பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தவர்களுக்காக நீதிபதி பி.என். பகவதி இதே கருத்தை அழுத்தமாகச் சொன்னார்.

பிறகு 1987ல் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அந்த நாளைத்தான் தேசிய சட்டப்பணிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். டெல்லியில் தேசிய ஆணைக்குழு, அடுத்து மாநிலம், மாவட்டம், வட்டம் என்று நான்கு படிகள்.

இந்தச் சட்டத்தின் 12வது பிரிவை மனப்பாடம் செய்யுங்கள் என்றே சொல்வேன். யாருக்கெல்லாம் இலவச வக்கீல் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோரும் அதில் உண்டு. இவர்களிடம் வருமானச் சான்று கேட்க வேண்டியதில்லை. வருமான வரம்பெல்லாம் மற்றவர்களுக்குத்தான். நம் மலையாளி இனத்துப் பெண்ணுக்குப் பெண் என்பதால் ஒரு உரிமை, பழங்குடி என்பதால் இன்னொரு உரிமை. இரட்டைப் பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி பத்திரமான உரிமை இது.

குடும்ப வழக்கில் இது ஏன் முக்கியம்? பள்ளியில் சேர்க்க அம்மா மட்டும் வந்து கையெழுத்துப் போட்ட பிள்ளைகள் எனக்கு வருடம் தவறாமல் இருந்தார்கள். அப்பா எங்கே என்று கேட்டால் தலை குனியும். அந்தத் தாய்மார்களுக்கு ஜீவனாம்சம் கேட்கும் உரிமை இருந்தது. கேட்க வழி தெரியவில்லை.

1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வயதான பெற்றோருக்கும் ஜீவனாம்சம் தருகிறது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்றிருந்த உச்சவரம்பு 2001ல் நீக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சட்டத்தில் இது 144வது பிரிவு. மனைவி தான் இருக்கும் இடத்திலேயே மனுப்போடலாம். கணவர் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விட்டார் என்று அவர் பின்னால் அலைய வேண்டியதில்லை. கோர்ட் உத்தரவிட்டும் பணம் கட்டாதவருக்குச் சிறையும் உண்டு.

இதில் மலை மக்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, பழங்குடியினருக்குப் பொருந்தாது. அதன் 2வது பிரிவே அப்படிச் சொல்கிறது. வாரிசுரிமைச் சட்டத்திலும் இதே விலக்கு. பழங்குடிப் பெண்களுக்குச் சொத்துரிமை கிடைக்க இதை மாற்றுவது பற்றி யோசியுங்கள் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. ஆகவே கல்யாணம், தீர்த்துவிடுவது, சொத்து எல்லாம் மலையில் வழக்கத்தைப் பொறுத்தது. அந்த வழக்கத்தைக் கோர்ட்டில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். விவரம் தெரிந்த வக்கீல் இல்லாமல் இது நடக்காது. ஜீவனாம்சப் பிரிவு மட்டும் மதம், இனம் பார்க்காமல் எல்லோருக்கும் பொது. ஊர்க்கவுண்டர் முன்னால் பேசித் தீர்ந்தால் மகிழ்ச்சி. தீராவிட்டால் அதோடு கதை முடிந்தது என்று எந்தப் பெண்ணும் நினைக்கக் கூடாது.

நடைமுறை இதுதான். ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்கலாம். நமக்கு அது வேலூரில், சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வக்கீல், கோர்ட் கட்டணம், நகல் செலவு எல்லாம் ஆணைக்குழு பொறுப்பு. அந்த வக்கீலுக்கு நாம் ஒரு ரூபாயும் தர வேண்டாம். இதுபோக, சம்பளம் வாங்காமல் வாதாட முன்வரும் வக்கீல்களின் பெயரைப் பதிவு செய்ய 2017ல் மத்திய அரசே ஒரு திட்டம் தொடங்கியது.

குறை இல்லாமல் இல்லை. அமிர்தியிலிருந்து வேலூர் சுமார் 25 கிலோமீட்டர். மேலே இருக்கிற ஊர்களுக்கு இன்னும் தூரம். ஒரு வாய்தாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. வக்கீல் இலவசம், பஸ் இலவசம் என்றாலும் அந்தக் கூலியை யார் தருவார்கள்? பாதியில் வழக்கை விட்டுவிடும் பெண்கள் இதனால்தான் விடுகிறார்கள். சட்ட உதவி முகாம்கள் மலைக்கே அடிக்கடி வர வேண்டும்.

நம்பிக்கைக்கும் காரணம் உண்டு. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த நம் மலையாளி இனத்துப் பெண் ஸ்ரீபதி, பிரசவமான சில நாட்களிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி, 23 வயதில் சிவில் நீதிபதியாகத் தேர்வானதை 2024 பிப்ரவரியில் நாடே பேசியது. படியேறவே பயந்த இடத்தில் நம் பெண் நாற்காலியில் உட்காருகிறாள்!

வக்கீலாக இருக்கிற என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு மலை ஊர் ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். மனு எழுதிக் கொடுங்கள். மற்றவர்கள், கணவன் விட்டுப்போன ஒரு பெண் உங்கள் தெருவில் இருந்தால் 15100 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுங்கள். தருமம் கேட்கிறோம் என்று அவள் கூச்சப்பட வேண்டாம். அது அவளுக்கு உரியது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்