ஜன்னல் பிளைண்ட்ஸ்: தூசியைத் துடைப்போம், கயிற்றையும் கவனிப்போம்

துணித் திரைக்குப் பதிலாகப் பிளைண்ட்ஸ் மாட்டும் வீடுகள் இப்போது நம்மிடையே பெருகிவிட்டன. வெயிலைத் தடுக்கும் அந்தப் பட்டைகளிலேயே தூசியும் படிகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத்திணறலைத் தூண்டலாம்.

வாரம் ஒருமுறை பட்டைகளை மூடி, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். பிறகு மறுபக்கமாகத் திருப்பி மூடித் துடைக்கலாம். எடுத்தவுடன் ஈரத்துணியை வைத்தால் தூசி சேறாக ஒட்டிக்கொள்ளும்.

அலுமினியம், பிளாஸ்டிக் பட்டைகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், பாத்திரம் கழுவும் சோப்பு சில துளிகள் கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். மரப் பட்டைகளை நனைக்கக் கூடாது; வளைந்துவிடும். துணி ரோலரை ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

துடைக்கும்போதே கயிற்றையும் பார்த்துவிட வேண்டும். தொங்கும் கயிற்று வளையத்தில் கழுத்து சிக்கிச் சிறு குழந்தைகள் பல நாடுகளில் இறந்திருக்கிறார்கள். சத்தம்கூட வெளியே கேட்காது. எனவே தரையிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் உயரத்தில் கொக்கி அடித்து, கயிற்றை அதில் சுற்றி வைப்போம். மணிச் சங்கிலி வளையமாக இருந்தால், தொய்வில்லாமல் சுவரோடு பொருத்திவிட வேண்டும். தொட்டிலையும் கட்டிலையும் ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுவோம். புதிதாக வாங்கும்போது கயிறில்லாத வகையையே கேட்டு வாங்குவோம்.