கொடிமலைக் கயிறு

1897-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் பாடுபட்டுப் பினாங்குக் கொடிமலைக்கு ஒரு ரயில் பாதை போட்டார்கள். வண்டி ஏறவில்லை. பாதையைக் கைவிட்டுவிட்டார்கள். வெயிலுக்குப் பயந்து உச்சியில் பங்களா கட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் மறுபடி குதிரையிலும், கூலியாட்கள் தோளில் சுமந்த டோலியிலும்தான் ஏறினார்கள். மலை ரயில் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தோள்கள்தான்.

இரண்டாவது முயற்சி ஆர்தர் ராபர்ட் ஜான்சன் என்ற ரயில்வே பொறியாளருடையது. ஏறத்தாழ 15 லட்சம் ஸ்டிரெய்ட்ஸ் டாலர் செலவில் முடிந்த பாதை, 1924 ஜனவரி 1 அன்று முறைப்படி திறக்கப்பட்டது.

ஆயர் ஈத்தாம் அடிவாரத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் "இஞ்சின் எங்கே இருக்கு?" என்று கேட்பேன். வண்டியின் முகப்பைக் காட்டுவார்கள். வண்டியில் இஞ்சினே கிடையாது. மோட்டார் மேலே இருக்கிறது. ஒரே இரும்புக் கயிற்றின் இரு முனைகளில் இரண்டு வண்டிகள். இறங்குகிற வண்டியின் பாரம் ஏறுகிற வண்டியை இழுத்துக்கொடுக்கும். மிச்சத்தை மட்டும் மோட்டார் பார்த்துக்கொள்ளும்.

இருப்பது ஒற்றைத் தண்டவாளப் பாதை. நடுவழியில் ஓரிடத்தில் மட்டும் அது இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். அங்கே வழியை மாற்றிவிட ஆளும் இல்லை, விசையும் இல்லை. சூட்சுமம் சக்கரத்தில் இருக்கிறது. ஒரு பக்கச் சக்கரங்களுக்கு இருபுறமும் விளிம்பு உண்டு, தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். மறுபக்கத்தில் விளிம்பில்லாத அகன்ற உருளைகள். அவை கயிறு போகும் இடைவெளியை அலுங்காமல் தாண்டும். ஒரு வண்டிக்கு விளிம்பு வலப்பக்கம், மற்றதற்கு இடப்பக்கம். ஆகவே ஒன்று எப்போதும் வலத்தே ஒதுங்கும், மற்றது இடத்தே. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ்காரர் 1879-இல் கீஸ்பாக் அருவி ரயிலுக்கு வகுத்த முறை இது. ஊட்டி மலை ரயிலின் பல்சக்கரப் பாதையும் அவர் பெயரில் வழங்குவதுதான். இவ்வளவு எளிமையான, இவ்வளவு நம்பகமான ஒரு யோசனையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1924-இல் திறந்த பாதை இரண்டு துண்டுகளாக இருந்தது. நடு நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். உச்சியிலுள்ள முருகன் கோயிலுக்குப் பூத்தட்டோடு போகும் எங்கள் பாட்டி அங்கே தூணைப் பிடித்துக்கொண்டு, கயிறு உருளைகள்மேல் ஓடுவதைப் பார்ப்பார். "அறுந்துடாதாப்பா?" என்பார். ஊழியர் பிரேக்கைக் காட்டி விளக்குவார். பாட்டி கேட்டுக்கொண்டு ஏறுவார்.

மரப்பெட்டிகள் 1977-இல் மாறின. 2010-இல் பாதையை மூடி, அடியிலிருந்து உச்சிவரை ஒரே ஓட்டமாக்கி, 2011-இல் மறுபடி திறந்தார்கள். அரைமணிப் பயணம் சில நிமிடங்களாகிவிட்டது. வயதானவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். ஆனால் நின்று பார்க்கவும் கேள்வி கேட்கவும் இருந்த அந்த இடைவேளையை எடுத்திருக்க வேண்டியதில்லை. பாதை பிரிகிற இடம் இன்னும் இருக்கிறது. வண்டி அதைத் தாண்டும்போது பிள்ளைகளை ஜன்னலோரம் நிறுத்துங்கள். எதிரே வரும் வண்டி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று அவர்களே சொல்லட்டும்.