ஒரே சாவி, பல பூட்டு

பி.காம். படிக்கிறவனுக்கு சர்வரோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கல்லூரி முடிந்ததும் சாயங்காலம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதப் போகிறேன். அங்கே நடந்த ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு ஃபைல் சர்வர் இருக்கிறது. அடுத்த சீசன் ஷூவின் பேட்டர்ன், லேப் ரிப்போர்ட், இன்வாய்ஸ் எல்லாம் அதில்தான். வெளிநாட்டு பையரும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்வார். சர்வருக்கு ஒரு பாஸ்வேர்டு, மெயிலுக்கு ஒன்று, டேலிக்கு ஒன்று. வேலையை விட்டுப் போன ஒருவருடைய மெயிலை அன்றைக்கே மூடிவிட்டார்கள். சர்வர் கணக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் அது உயிரோடு இருக்கிறது! அவர் நல்ல மனுஷர், எதையும் தொடவில்லை. ஆனால் ஒருத்தருடைய நல்ல குணத்தையா நாம் பூட்டாக வைத்துக்கொள்வது?

இதற்கு மருந்து 'சிங்கிள் சைன் ஆன்'. ஒரே இடத்தில் நம்மை யார் என்று காட்டினால் எல்லாக் கதவும் திறக்கும். ஒரே இடத்தில் மூடினால் எல்லாக் கதவும் மூட வேண்டும். இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். சுவாரசியமான கதை.

அமெரிக்காவின் எம்ஐடியில் 1961-ல் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பைச் செய்து காட்டியது. ஆளுக்குத் தனித்தனி ஃபைல்கள், காவலுக்கு பாஸ்வேர்டு. 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைலை பிரிண்ட் எடுத்துக்கொண்டார். மாணவன் என்றால் சும்மாவா :-)

அடுத்து வருகிறவர் நம்ம நாட்டுக்காரர். ஐஐடி கான்பூரின் முதல் பேட்ச்சில் படித்த அபய் பூஷண், எம்ஐடியில் இருந்தபோது 1971 ஏப்ரலில் எஃப்டிபியின் முதல் வரைவை எழுதினார். ஆர்எஃப்சி 114 என்பது அதன் எண். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பும் முறை அது. 1985-ல் வந்த ஆர்எஃப்சி 959-லும் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகத்தான் கம்பியில் போகும். தபால் கார்டில் ரகசியம் எழுதின மாதிரி, வழியில் இருக்கிற யாரும் படிக்கலாம்.

அதே 1970-களில் நம்ம பக்கமும் ஒரு மாற்றம் நடந்தது. 1972-ல் அமைந்த சீதாராமையா கமிட்டியின் பரிந்துரைகளுக்குப் பிறகு, அரைப்பதத் தோல் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலுக்கும் ஷூ போன்ற பொருள்களுக்கும் ஊக்கம் கொடுத்தது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் ஷாப்புகளோடு ஷூ கம்பெனிகளும் பெருகின. அரைப்பதத் தோல் மூட்டையில் ஒளிக்க என்ன இருக்கிறது? கடைக்கே வராத ஷூவின் டிசைன் அப்படியில்லை. அது வெளியே போனால் ஆர்டரே போய்விடும். இப்போது அந்த டிசைன் ஒரு ஃபைல்.

சரி, எம்ஐடிக்குத் திரும்புவோம். 1983-ல் அங்கே 'அத்தீனா' என்ற திட்டம் தொடங்கி, வளாகம் முழுக்கக் கணினிகள் வந்தன. மாணவன் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும், ஒவ்வொரு சேவைக்கும் பாஸ்வேர்டை நெட்வொர்க்கில் அனுப்பினால் என்ன ஆகும்? இதற்காகப் பிறந்ததுதான் 'கெர்பராஸ்'. கிரேக்கக் கதையில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். 1978-ல் நீதம், ஷ்ரோடர் இருவரும் வெளியிட்ட முறைதான் இதற்கு அடிப்படை. நான் ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு சீசன் டிக்கெட்டில் போகிறேன். ஒருமுறை கவுன்ட்டரில் வாங்கினால் போதும், தினமும் வரிசையில் நிற்க வேண்டாம். தேதி முடிந்தால் செல்லாது. கெர்பராஸும் டிக்கெட்தான் தருகிறது. அத்தீனாவில் அதன் ஆயுள் 8 மணி நேரமாக இருந்தது. பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் போவதே இல்லை.

1995-ல் பின்லாந்தின் டாட்டு இலோனன் எஸ்எஸ்எச் எழுதினார். அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடியதுதான் காரணம். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய எஸ்எஃப்டிபி. இணையதளங்களுக்கு 2002-ல் எஸ்ஏஎம்எல், 2014-ல் ஓபன்ஐடி கனெக்ட் வந்தன. நம் மத்திய அரசும் 2022 ஜூலையில் 'மேரி பெஹ்சான்' என்ற பெயரில் அரசு சேவைகளுக்கு ஒரே லாகின் கொண்டுவந்தது.

எங்கள் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிற அண்ணன், கீகிளோக் என்ற இலவச மென்பொருளை நிறுவி ஓபன்ஐடி கனெக்ட் வழியாக சர்வரோடு இணைத்தார். இப்போது சர்வர் நம்மிடம் பாஸ்வேர்டு கேட்பதில்லை. கீகிளோக் பக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கே சரிபார்த்ததும் கையொப்பமிட்ட டோக்கனோடு திரும்புகிறோம். திரும்பி வர வேண்டிய முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் வேலை செய்யாது. அண்ணனுக்கு ஒரு நாள் முழுக்க அதில்தான் போனது!

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் சிரித்தார். "தம்பி, எஸ்எஃப்டிபிக்குக் கொடுத்த பழைய சாவி எல்லாம் சர்வரிலேயே கிடக்கு. கீகிளோக்ல ஆளை மூடினாலும் அது திறக்கும்." உண்மைதான். அந்தச் சாவிகளைத் தனியாக அழித்தோம், பழைய பாஸ்வேர்டு லாகினை நிறுத்தினோம். ஒரே சாவி திருடுபோனால் எல்லாமே போகும் என்பதால், செல்போனில் வரும் இரண்டாவது எண்ணையும் கட்டாயமாக்கினார். கீகிளோக் படுத்துக்கொண்டால் உள்ளே போக, முதலாளி பீரோவில் கவரில் ஓர் அவசர பாஸ்வேர்டும் இருக்கிறது.

அறுபது வருஷக் கதையில் நான் புரிந்துகொண்டது இதுதான். கதவைத் திறப்பதற்கு எல்லோரும் வழி கண்டுபிடித்துவிடுகிறோம். ஆள் போன பிறகு மூடுவதுதான் மறந்துபோகிறது. எங்கள் கம்பெனியில் இப்போது கடைசிச் சம்பளக் கணக்குத் தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'சாவி மூடியாச்சா?' அதில் டிக் போட வேண்டியவன் நான்தான்.